மருந்து அடித்த அன்று தண்ணியும் போட்டிருந்தார், அதனால்தான் இவ்வளவு மோசமானதா?

பூம்பாறை_மருமகன்:

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் விவசாயம் பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஒரே குழப்பமாக இருக்கிறது.

என் தாய்மாமா பூம்பாறையில் பூண்டும் காரட்டும் போடுகிறார். பூண்டில் இலைப்பேன் விழுந்திருக்கிறது என்று அன்றைக்குக் காலையிலிருந்தே மருந்து அடித்திருக்கிறார். முதுகில் மாட்டுகிற ஸ்பிரேயர், மூடி சரியாக உட்காராது, கசிந்து கசிந்து சட்டையின் முதுகுப் பக்கம் முழுக்க நனைந்துபோய், அப்படியே சாயங்காலம் வரை வேலை. அப்புறம் சட்டையை மாற்றாமல், கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல், கூட வேலை பார்த்தவர்களோடு உட்கார்ந்து ஒரு குவாட்டர் போட்டிருக்கிறார். இரவு எட்டு மணி வாக்கில் தள்ளாடியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து திண்ணையில் படுக்கவைத்து, "காலையில் தெளிந்துவிடும், எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அத்தைக்குத்தான் சந்தேகம் வந்திருக்கிறது. ஊரே ஸ்வெட்டரும் கம்பளியுமாக இருக்கிற குளிரில் இவருக்கு மட்டும் பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை. வாயிலிருந்து எச்சில் வழிந்து தலையணை நனைந்திருக்கிறது. கன்னத்துச் சதை தானாகத் துடிக்கிறது. "இது குடி இல்லை, வண்டி கூப்பிடு" என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றதால் ஜீப் பிடித்துக் கொடைக்கானல் போனோம். அங்கே ஊசி போட்டு, 108-இல் ஏற்றி, மலையை விட்டுக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கீழே ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) வாசலிலேயே வாடையைப் பார்த்து "குடிகேஸ், ஓரமாகப் படுக்க வையுங்க" என்றார்கள். சீட்டைக் காட்டிய பிறகுதான் உள்ளே எடுத்தார்கள். "மருந்தைக் குடித்தாரா, குடித்தாரா" என்று திரும்பத் திரும்பக் கேட்டது வேறு அத்தையை உடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் அவர் டியூபைப் பிடுங்கினார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், இல்லாத ஆட்களோடு பேசினார், கையைக் கட்டிப் போட்டார்கள். அதற்கு அடுத்த நாள் மூச்சு தளர்ந்து வென்டிலேட்டர். இப்போது அதெல்லாம் எடுத்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், கஞ்சி குடிக்கிறார், எங்களை அடையாளம் தெரிகிறது.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒருவர், "தண்ணி போட்டிருந்ததால்தான் இவ்வளவு இழுத்துவிட்டது" என்று போகிற போக்கில் சொன்னார். மாமாவோடு குடித்தவர்களோ நேர்மாறாக, "உள்ளே சரக்கு இருந்ததால்தான் விஷம் முறிந்தது, இல்லையென்றால் அன்றைக்கே போயிருப்பான்" என்கிறார்கள். எது சரி? மது விஷத்தைக் கூட்டுமா, குறைக்குமா?

*

வத்தலக்குண்டு_செவிலி:

தம்பி, முதலில் உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள், அவர்கள்தான் மாமாவைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் விஷ வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள். குடித்த ஆளுக்கும் மருந்து ஏறிய ஆளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிற அந்த முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் நிறைய பேரைக் கொண்டுபோகிறது.

குடித்தவரும் தள்ளாடுவார், உளறுவார், வாந்தி எடுப்பார். ஆனால் வெறும் குடியில் கண்ணின் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்காது, சதை தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோலத் துடிக்காது, எச்சிலும் சளியும் நுரையுமாகக் கொட்டாது, குளிரில் இப்படி வியர்க்காது. டார்ச் அடித்துக் கண்ணைப் பாருங்கள், சட்டையைத் தூக்கி நெஞ்சையும் கெண்டைக்காலையும் பாருங்கள், ஒரு நிமிட வேலை. ஆனால் ஒன்று, கண் சுருங்கவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மருந்து அடித்த அன்றைக்கு ஒருவர் இப்படிக் கிடந்தால், வண்டி ஏற்ற அது ஒன்றே போதும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்த ஆர்கனோபாஸ்பேட் என்கிற வகைப் பூச்சிமருந்துகள் பலவற்றுக்குப் பூண்டு மாதிரி ஒரு வாடை இருக்கும். கீழே இருக்கிற ஊர்களில் அந்த வாடை வந்தாலே எங்களுக்கு உஷார் வந்துவிடும். பூம்பாறையில் யார் மேல் பூண்டு வாசம் இல்லை? வீட்டில், கையில், சாக்கில், சட்டையில் எல்லாம் பூண்டு. அதன்மேல் பிராந்தி வாடையும் சேர்ந்தால் மூக்கு ஒன்றுமே சொல்லாது. அதனால் மேல்மலைக்காரர்கள் மூக்கை நம்பாமல் கண்ணை நம்புங்கள்.

மூன்றாம் நாள் பூச்சி ஊர்கிறது என்றாரே, அதைப் பற்றியும் சொல்கிறேன், வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ரொம்பப் பயந்துபோகிறார்கள். அது இரண்டு காரணத்தால் வரலாம். ஒன்று, விஷத்துக்குக் கொடுக்கிற அட்ரோபின் அளவுக்கு மேல் போனால் வரும் பிதற்றல். அப்போது தோல் காய்ந்து சூடாக இருக்கும், நாக்கு ஒட்டும், வயிறு உப்பும், சிறுநீர் இறங்காது. இன்னொன்று, தினமும் குடிப்பவருக்குத் திடீரென்று குடி நின்றதால் வருவது. கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும், கை நடுங்கும், தோல் ஈரமாக வியர்த்திருக்கும். இரண்டிலும் நாடி ஓடும், இரண்டிலும் ஆள் கட்டிலில் நிற்கமாட்டார். முதலாவதற்கு அட்ரோபினைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் குறைத்து ஆரம்பிக்க வேண்டும், இரண்டாவதற்கு டயசெபாம் மாதிரி மருந்து வேண்டும். அதே நேரம் விஷமே திரும்பக் கிளம்பினாலும் வியர்க்கும். இதைப் பிரித்துப் பார்க்க முடியாமல் ராத்திரி டியூட்டியில் தவித்திருக்கிறோம்.

இதனால்தான் "தினமும் குடிப்பாரா, எவ்வளவு, கடைசியாக எப்போது" என்று கேட்கிறோம். அசிங்கம் என்று நினைத்து "எப்பவாவதுதான் சார்" என்று மறைத்துவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் முதல் நாளே வைட்டமின் பி1 ஊசி, சர்க்கரை அளவு, நடுக்கத்துக்கு மருந்து எல்லாம் ஆரம்பித்துவிடலாம்.

*

தேனி_பொதுமருத்துவர்:

மேலே சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். சரக்கு இந்த விஷத்தை முறிக்காது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கள்ளச் சாராயத்தில் வருகிற மெத்தனால் விஷத்துக்கு ஆஸ்பத்திரியில் எத்தனாலையே மாற்று மருந்தாகக் கொடுப்பது உண்டு, ஏனென்றால் இரண்டையும் உடைப்பது கல்லீரலில் இருக்கிற ஒரே என்சைம். பூச்சிமருந்து வேலை செய்கிற இடமே வேறு. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது, வேலை முடிந்ததும் அதைத் துடைத்து எடுக்க ஓர் என்சைம் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் அந்த என்சைமைக் கட்டிப்போடுகிறது. அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு மூட ஆளில்லாத கதைதான்: எச்சில், சளி, வியர்வை, பேதி, நாடி இறக்கம், சதைத் துடிப்பு, கடைசியில் மூச்சு. இதில் எத்தனாலுக்கு முறிக்கிற வேலை எதுவும் இல்லை.

சரி, கூட்டுமா? இதற்கு இலங்கையில் நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் எடில்ஸ்டன் குழு அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து மருத்துவமனைகளில் பல வருடம் வேலை செய்தவர்கள். 2009-இல் வந்த அவர்களுடைய கட்டுரை ஒன்றில் டைமெத்தோயேட் என்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தைக் குடித்து வந்தவர்களின் ரத்தத்தில் மதுவின் அளவையும் அந்த மருந்தின் அளவையும் சேர்த்து அளந்தார்கள். மது கூடுதலாக இருந்தவர்களுக்கு இறப்பும் கூடுதல். ஆனால் அவர்கள் ரத்தத்தில் மருந்தின் அளவும் கூடுதலாகவே இருந்தது. மருந்தின் அளவைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தபோது மதுவின் தனிப் பங்கு தெரியவில்லை. போதையில் இருப்பவருக்கு நிதானம் போய்விடுகிறது, உடம்புக்குள் போகிற விஷமே கூடிவிடுகிறது என்பதுதான் அதிலிருந்து எனக்குப் புரிவது. சின்ன ஆய்வு, ஒரே ஒரு மருந்து, அதனால் எல்லா மருந்துக்கும் இதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

உங்கள் மாமா விஷயம் தோல் வழி. அங்கே வேறு கணக்கு. எலிகளுக்கு மது கொடுத்துச் செய்த சோதனைகளில் சில களைக்கொல்லிகள் தோல் வழியாகக் கூடுதலாக உள்ளே போனதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்கு எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நனைந்த சட்டையோடு உட்கார்ந்து குடித்தார் என்றீர்களே, எனக்கு அதில் மதுவை விட அந்தச் சட்டைதான் கண்ணில் படுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கழற்றியிருக்க வேண்டியதை ஆஸ்பத்திரியில்தானே கழற்றியிருப்பார்கள்? அத்தனை மணி நேரமும் மருந்து உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. குடிக்காமல் இருந்திருந்தால் குளித்திருப்பார், தலை சுற்றுகிறது என்று வாயைத் திறந்து சொல்லியிருப்பார்.

அடுத்தது மூச்சுக்குழாய். போதையில் இருமல், விழுங்கல் எல்லாம் மந்தமாகிவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குள் போகும். விஷத்தால் சளி ஒரு பக்கம், வாந்தி உள்ளே இறங்கி வரும் நிமோனியா இன்னொரு பக்கம். பிழைத்துக்கொண்ட பலரை இரண்டாவது வாரத்தில் இழப்பது இதனால்தான். ஆகவே போதையில் இருக்கும் ஒருவருக்குச் சோப்புத் தண்ணி, உப்புத் தண்ணி, சாணித் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு என்று எதையும் ஊற்றாதீர்கள், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கெடுதல் செய்ய இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணியைக் கழற்றி, கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவி, கம்பளி போர்த்தி, மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏற்றுங்கள். கழுவுகிறேன் என்று வண்டியைக் காக்க வைக்காதீர்கள்.

நான்காம் நாள் மூச்சு தளர்ந்ததற்கும் குடிக்கும் நேரடியாக முடிச்சுப் போட வேண்டாம். விஷம் ஏறி 24 முதல் 96 மணி நேரத்துக்குள், ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கும்போது, கழுத்தைத் தூக்க முடியாமல் போய் மூச்சுத் தசைகள் சோர்வது இந்த விஷத்தின் குணம். 1987-இல் இலங்கையின் சேனநாயக்கவும் கரல்லியத்தவும் அதை விவரித்தார்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லித் தினமும் பார்ப்பது அதற்காகத்தான். ஆனால் பிதற்றலுக்காகத் தூக்க மருந்து கொடுத்துக் கட்டிப் போட்டிருக்கும்போது, தலையைத் தூக்க முடிகிறதா என்று யார் சோதிப்பது? குடி அங்கே மறுபடி குறுக்கே வருகிறது. அந்த டாக்டர் சொன்ன "இழுத்துவிட்டது" என்பதில் இதெல்லாம் அடங்கியிருக்கும்.

*

மன்னவனூர்_காரட்:

டாக்டர் சார், நல்லாச் சொன்னீங்க. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன், எல்லாரும் குடியையே பிடித்துக்கொண்டால் அந்த ஸ்பிரேயர் மூடியை யார் பார்ப்பது?

நாங்கள் மேல்மலையில் காரட், பீட்ரூட், உருளை, பூண்டு என்று எது போட்டாலும் மருந்து இல்லாமல் வெளியே எடுக்க முடியாத நிலைமை. மழைக்காலத்தில் மஞ்சு இறங்கினால் நாள் கணக்கில் வெயிலே இருக்காது, நோய் விழும், அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூலிக்கு மருந்து அடிக்க வருகிறவனுக்குச் சாயங்காலம் சம்பளத்தோடு ஒரு குவாட்டரும் சேர்த்துத் தருவது பல இடத்தில் பழக்கமாகிவிட்டது. "உடம்பு வலி போகும், குளிருக்கு நல்லது, மருந்து வாடை இறங்கும்" என்று சொல்லித்தான் தருகிறார்கள். அதைக் கொடுக்கிற தோட்டக்காரரும் கெட்டவர் இல்லை, அது உபசாரம் என்று நினைக்கிறார். பூம்பாறைத் தம்பி, உங்கள் மாமாவைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போனவர்களுக்கும் உள்ளே மருந்து இருந்திருக்கும், அவர்களையும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் நாங்கள் செய்துகொண்டது இதுதான். மருந்து அடிக்கிற இடத்திலேயே ஒரு டிரம் தண்ணி, சோப்பு, மாற்றுச் சட்டை. டேங்க்கை இறக்கினவன் குளித்து உடை மாற்றின பிறகுதான் கூலி. குவாட்டர் கிடையாது, அதற்குப் பதில் காசாகவே கூட்டிக் கொடுத்துவிடுகிறோம். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பொம்பளைகள் எல்லாம் எங்கள் பக்கம்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். இங்கிருந்து கொடைக்கானல் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கிருந்து மலை இறங்க இன்னும் இரண்டு மணி நேரம். நேராகக் கீழே போய்விடலாமா, கொடைக்கானலில் நிறுத்த வேண்டுமா?

*

தேனி_பொதுமருத்துவர்:

கண்டிப்பாக நிறுத்துங்கள் அண்ணே. வழியில் முதலில் வருகிற அரசு ஆஸ்பத்திரி எதுவோ, அங்கே போங்கள். அட்ரோபின் விலை உயர்ந்த மருந்து இல்லை. நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கும் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும், அதை ஆரம்பித்துவிட்டு மலை இறங்குவதும், ஒன்றும் இல்லாமல் கொண்டை ஊசி வளைவு வளைவாக இறங்குவதும் ஒன்றல்ல. வளைவுகளில் வாந்தி வரும், போதையில் இருப்பவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று மேலே சொன்னேன். மருந்து பாட்டிலைப் பார்த்து டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் டெல்லி எய்ம்ஸில் இருக்கிற விஷ தகவல் மையத்தை 1800 116 117-இல் எந்த நேரமும் கேட்கலாம், பொதுமக்களும் கூப்பிடலாம்.

"போதைதானா" என்று காலை வரை பார்க்கிற பழக்கத்துக்காக ஒரு கணக்கு. டாஸ்மாக் குவாட்டர் 180 மில்லி, அதில் 60 கிராம் அளவுக்கு மது. உடம்பு மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். அதாவது ஒரு குவாட்டர் இறங்க எட்டு மணி நேரம். அத்தனை நேரமும் எல்லாவற்றுக்கும் "போதை" என்ற ஒரே பதில் வீட்டில் தயாராக இருக்கும். அதற்குள் விஷம் தன் வேலையை முடித்துவிடும்.

*

பூம்பாறை_மருமகன்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணே, கூட இருந்த இரண்டு பேரிடமும் இன்றைக்கே சொல்லிவிட்டேன், நாளைக்குப் போகிறார்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. ரிப்போர்ட்டில் கோலினெஸ்டரேஸ், அதாவது டாக்டர் சொன்ன அந்த என்சைம், இன்னும் குறைவாகவே இருக்கிறது, விஷம் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தமா? அப்புறம், "மருந்தைக் குடித்தாரா" என்று ஏன் அத்தனை தடவை கேட்டார்கள்? அத்தை இன்னமும் அதையே சொல்லி அழுகிறார். ஊரில் வேறு மாதிரிப் பேச்சு கிளம்பிவிடுமோ என்ற பயம்.

*

வத்தலக்குண்டு_செவிலி:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன் தம்பி. அது குற்றம் சாட்டுகிற கேள்வி இல்லை, ஆனால் கேட்கிற விதம் பல இடத்தில் அப்படி ஆகிவிடுகிறது, அதற்கு நாங்கள்தான் மாற வேண்டும். வாய் வழியா, தோல் வழியா என்பதை வைத்துத்தான் வயிற்றில் டியூப் போடுவதா, எவ்வளவு நேரம் கூர்ந்து பார்ப்பது என்பதெல்லாம் முடிவாகும். தோல் வழி என்று நினைத்து உடம்பை மட்டும் கழுவிவிட்டால் வயிற்றில் இருப்பது கவனிக்கப்படாமல் போய்விடும்.

ஒன்று சொன்னால் கோபப்படாதீர்கள். மாமா நன்றாகப் பேச ஆரம்பித்ததும், யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவருக்குப் பிடித்த ஒருவர் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: "மனசு கஷ்டமா இருந்ததா மாமா? சாகலாம் போல இருந்ததா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இல்லை என்றால் இல்லை, அத்தைக்கும் நிம்மதி. ஆமாம் என்றால் அதைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் கிடைத்தது. நான் பார்த்தவர்களில் நிறைய பேர், முந்தின நாள்வரை அப்படி ஒரு யோசனையே இல்லாதவர்கள். கடன், வீட்டில் சண்டை, கூடவே போதை, கைக்கெட்டும் தூரத்தில் மருந்து. போதை தெளிந்ததும் "என்னைக் காப்பாத்துங்கக்கா" என்று கையைப் பிடித்து அழுதவர்கள்தான் அதிகம்.

போலீஸுக்குப் பயந்து உண்மையை மறைக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் போகும், அது நடைமுறை. ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. பேச ஆள் வேண்டும் என்றால் 104, இல்லையென்றால் டெலிமானஸ் 14416, இரண்டும் இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இது மாமாவுக்கு மட்டும் இல்லை, அத்தைக்கும்தான்.

*

மன்னவனூர்_காரட்:

அக்கா சொன்னதைப் படித்ததும் வீட்டில் மருந்து வைக்கிற இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேல்மலையில் பாதி வீடுகளில் பரண்மேல், இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில், சமையல் பாத்திரத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கும். ஒரு பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டால் போதுமா?

*

தேனி_பொதுமருத்துவர்:

பூட்டுங்கள், குழந்தைகளுக்காகவாவது பூட்டத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். இலங்கையில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2017-இல் வந்தது. விஷம் குடிப்பது அதனால் குறையவில்லை. சாவி வீட்டிலேயேதானே இருக்கிறது? அதே இலங்கையில் கொடிய மருந்துகளை அரசு ஒவ்வொன்றாக நிறுத்திய பிறகு, 1995-இல் லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை 2005-இல் 24 ஆக இறங்கியது. குடிப்பழக்கம் அங்கே ஒழிந்துவிடவில்லை, கைக்குக் கிடைக்கிற பாட்டில்தான் மாறியது.

நம் மாநிலத்திலும் ஒரு முயற்சி உண்டு. சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பேங்க் லாக்கர் மாதிரி ஒரு பொதுக் கிடங்கு கட்டி, மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்து எடுக்கச் செய்தார்கள். ஒரு சாவி விவசாயியிடம், ஒன்று கிடங்கு பார்ப்பவரிடம். ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். மன்னவனூரில் ஒரு விவசாயிகள் குழுவோ கூட்டுறவோ இருந்தால் இதைப் பேசிப் பாருங்கள் அண்ணே. அதுவரை தேவையான அளவு மட்டும் வாங்குங்கள், மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலிலோ காலி குவாட்டர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். போதையில் கை நீட்டுகிறவர் லேபிளைப் படிக்கமாட்டார்.

பூம்பாறைத் தம்பி, கோலினெஸ்டரேஸ் பற்றி. குறைவாக இருப்பதால் விஷம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கட்டிப்போட்ட என்சைம் போய்ப் புதிது ஊற வேண்டும். ரத்தத்தின் தெளிவில், அதாவது பிளாஸ்மாவில், பார்க்கும் வகையைக் கல்லீரல்தான் செய்கிறது. பல வருடம் குடித்துக் கல்லீரல் கெட்டவருக்கு விஷம் ஏறாமலே அது குறைவாக இருக்கும், அதனால் அந்த ஒரு எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். சிவப்பணுவில் பார்க்கும் வகை இன்னும் மெதுவாக ஏறும், மூன்று நாலு மாதம்கூட ஆகலாம். அது ஏறும் வரை மாமா ஸ்பிரேயரைத் தொடவே கூடாது, கலக்கிக் கொடுக்கவும் வேண்டாம், அடித்த வயலில் களை எடுக்கவும் வேண்டாம். இந்த நிலையில் கொஞ்சம் மருந்து பட்டாலும் மறுபடி விழுந்துவிடுவார்.

குடியை விடுவதற்கும் இதுவே நல்ல நேரம், உடம்பில் மது இல்லாமல் இத்தனை நாள் கடந்துவிட்டார், கஷ்டமான கட்டம் வார்டிலேயே முடிந்துவிட்டது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிட்டு, மருந்து எழுதி வாங்கிக்கொண்டு மலை ஏறுங்கள். வீட்டுக்குப் போய் மறுபடி தினமும் குடிக்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்த முயல வேண்டாம், வலிப்பு வரலாம், டாக்டரிடம் வாருங்கள்.

*

பூம்பாறை_மருமகன்:

சரிங்க டாக்டர். திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் என்கிறார்கள், அதற்குள் மனநலப் பிரிவில் சீட்டு போட்டுவிடுகிறேன். அக்கா சொன்னதை நானே கேட்கிறேன், மாமாவுக்கு என்மேல்தான் பிரியம். பூண்டுக்கு மீதி இருக்கிற மருந்து அடிக்க ஆள் விட்டாயிற்று, ஸ்பிரேயரைக் கொடைக்கானல் கடையில் கொடுத்து மூடியும் வாஷரும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.